பாதி எண் இதற்கு, பாதி எண் அதற்கு

போலீஸ் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம், நாள்: 14.09.2004

பெயர் ராஜரத்தினம், வயது 63, த/பெ காளிமுத்து, சோலூர் அருகே தொழிலாளர் லைன், வீட்டு எண் 9. சிலோனிலிருந்து 1973-இல் வந்தவன். தனியார் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் எழுத்தர். கம்ப்யூட்டர் வேலையைப் புத்தகம் பார்த்து நானே பழகினேன்.

ஆபீசில் ஒன்பது கம்ப்யூட்டர்கள். காலையில் ஒவ்வொன்றும் விழித்ததும் ஓர் எண் கேட்கும். கிடைத்தால்தான் மற்றவற்றோடு பேசும். எண் கொடுக்க ஒரு பெட்டி இருந்தது. அந்த வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஜூலை மழையில் அது நின்று ஆபீசே முடங்கியது. அதன் பிறகு கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து இரண்டாவது பெட்டியாக வைத்தேன். முதலாவதற்கு 11 முதல் 100 வரை, இரண்டாவதற்கு 101 முதல் 200 வரை என்று பிரித்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று படுத்தாலும் மற்றது கொடுக்கும்.

ஏன் பிரித்தாய் என்று கேட்கப்பட்டது. கப்பலை விட்டு இறங்கிய முகாமில் இரண்டு மேசைகளில் அறை எண் கொடுத்தார்கள். எங்களுக்கும் சின்னம்மை என்பவர் குடும்பத்துக்கும் 23 என்றே வந்தது. ஒரே நீலக் கதவின் முன் இரண்டு குடும்பமும் சாயங்காலம் வரை நின்றோம். கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இது வழக்குக்கு வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றேன், எழுதப்பட்டது.

11-ஆம் தேதி சனிக்கிழமை காலை மேனேஜர் பாலகுமார் அந்தத் தாளைப் பார்த்து, "ஏனுங்க, இலை காயவைக்கிற ரெண்டு டிரையருக்கும் ஒரே சூடுதானே வைக்கிறோம்? இதுக்கு மட்டும் எதுக்குங்க வேற வேற? ஒண்ணாக்கிப் போடுங்க" என்றார்.

"ஒண்ணாக்கினா ரெண்டும் மோதிக்கும் தொரை. நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

இலை விலை விழுந்து ஃபேக்டரி வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறது, அதில் உங்களிடம் பாடம் வேறு படிக்க வேண்டுமா என்று சிரித்தார். அதன் பிறகு மதியம் லீவு எழுதிக் கொடுத்து, கூடலூரில் மகள் வீட்டுக்குப் போனேன். பஸ் டிக்கெட்டை ஒப்படைத்துள்ளேன்.

13-ஆம் தேதி திங்கள் காலை மூடுபனி ஜன்னல் வழியே ஆபீசுக்குள் வந்திருந்தது. ஆட்கள் தெரியவில்லை, திரைகளின் வெளிச்சம் மட்டும் ஒவ்வொன்றாக மிதந்தது. அதன் பிறகு இலை நிறுக்கும் கொட்டகையின் கம்ப்யூட்டரும் கிளார்க் சுகுணாவின் கம்ப்யூட்டரும் ஒரே எண்ணோடு விழித்தன. அந்த எண்ணும் 23. எடை பதிவாகவில்லை. பதிவில்லாமல் இலையை எடுக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. விவசாயிகள் மூட்டைகளோடு பனிக்குள் நின்றார்கள். மேனேஜர் என்னைப் பெட்டியைத் தொட விடவில்லை. மூன்று மணிக்கு மேல் விட்டார். இரண்டாவது பெட்டியிலும் 11 முதல் 100 என்றே இருந்தது. அதன் வயரைப் பிடுங்கினேன்; எல்லாம் ஓடியது.

அதன் பிறகு வெளியே வந்தேன். தெய்வம்மா என்ற சிறு விவசாயி மூட்டையைப் பிரித்து என் கையை உள்ளே வைத்தார். நாளெல்லாம் மூட்டையில் அடைந்து கிடந்த இலை காய்ச்சல் கண்ட உடம்பு போலச் சுட்டது. "செவந்து போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். சிவந்த இலை தேயிலைக்கு ஆகாது என்று ஃபேக்டரி அதை வாங்கவில்லை.

நான் கோபத்தில் வேண்டுமென்றே மாற்றியதாக மேனேஜர் புகார் கொடுத்துள்ளார். மாற்றிய நேரம் பெட்டியிலேயே பதிவாகியுள்ளது: சனி மாலை 3.40, மேனேஜரின் பெயரில். அப்போது நான் பஸ்ஸில் இருந்தேன். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரும் போகும், வேலையும் இருக்கும் என்று சொல்லியனுப்பினார். கொடுக்க மாட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசி வரியில் 'நடந்ததற்கு வருந்துகிறேன்' என்று இருந்தது. 'நடந்ததற்கு' என்பதை அடித்து, 'தெய்வம்மாவின் இலைக்கு' என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். இப்போது எல்லாம் நான் சொன்னபடி உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) ராஜரத்தினம்