ஒரு சட்டிக் களிமண்

சுவரில் சாயாதீர்கள் ரேஞ்சர் ஐயா, சட்டையில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். இந்த அறைக்கு அடித்தவன் சுண்ணாம்பில் கஞ்சி கலக்காமல் அடித்திருக்கிறான். விழுப்புரத்தில் பாதி ஆபீசுகள் இப்படித்தான் இருக்கின்றன. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற ரோட்டில் எங்கள் அப்பா கட்டிய காளவாயில் இருபத்திரண்டு வருஷமாகச் சுண்ணாம்பு சுடுகிறேன். தேவநாதன் காளவாய்ச் சுண்ணாம்பு என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் வேறெதையும் தொட மாட்டார்கள்.

நேற்று நீங்கள் மடக்கிய லாரி என்னுடைய சரக்குதான். மேலே கிளிஞ்சல் மூட்டை, அடியில் பவளக் கல். தெற்கே இந்தப் பவளம் விளைகிற தீவுகளைச் சுற்றிய கடலை எண்பத்தாறில் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டார்கள், அங்கே பவளத்தில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்துதான் வரவழைத்தேன். மரக்காணத்துக் கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு வெள்ளையாக வரும். பவளத்தைச் சுட்டால் பாலாட்டம் வரும். ஒருமுறை கண்ணால் பார்த்தவனுக்கு விட மனசு வராது. இதற்கு என்ன தண்டனையோ எழுதுங்கள்.

பேனாவை மூடிவிட்டீர்களே. கொஞ்சம் இருங்கள். இருதயமேரியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

போன வருஷம் ஐப்பசியில் நீங்கள் முதல் தடவை வந்தபோது கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான். என் காளவாயில் நெருப்பு போடுகிற சவுரிராயனின் பெண்சாதி. இரண்டு பேரும் என்னிடம் பன்னிரண்டு வருஷம். சவுரிராயன் என்னை ஆண்டே என்றுதான் கூப்பிடுவான். இந்தக் காலத்தில் அதெல்லாம் வேண்டாம்டா என்று நானே சொல்லியிருக்கிறேன். வேற்றுமை பார்க்கிற ஆள் இல்லை நான்.

அன்றைக்கு நீங்கள் அவள் உள்ளங்கையைப் பார்த்தீர்கள். கோடு கோடாக அறுபட்டிருந்தது. கிளிஞ்சல் அப்படி அறுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். "என்னம்மா காயம்?" என்றீர்கள். "கல்லு அறுத்ததுங்க" என்றாள். என்ன கல் என்று நீங்கள் கேட்பதற்குள் நான் டீ வரவழைத்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே அவளுக்குப் பவளத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அது கல் இல்லை, உயிர். துளித்துளிப் பூச்சி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே கிடக்கும். ஒரு முழம் வளர எத்தனையோ வருஷம் ஆகும் என்று. அடுத்த வியாழக்கிழமை திரும்பவும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

படித்தவர்களிடம் ஒரு குறை உண்டு ஐயா. யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்ப்பதில்லை. நீங்கள் போன பிறகு அவள் ஒரு பவளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உசுருங்களா இது?" என்று கேட்டாள். அது கடலிலேயே செத்துப் போனதுதான் என்றேன். அவள் மனசு ஆறவில்லை. அதன் பிறகு பவளம் உடைக்கிற சுத்தியலை எடுக்கவில்லை. புருஷன் திட்டினான், அப்போதும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் உங்கள் ஜீப் கிளியனூர் டீக்கடையில் நிற்பதாகச் செய்தி வந்தது. காளவாய்க்குள் பவளம் அடுக்கி வைத்திருந்தேன். மிச்சம் பக்கத்து அறையில் கிடந்தது. காளவாயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நெருப்பு போட்டுவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் கிளற முடியாது. சவுரிராயனை மூட்டச் சொன்னேன். கவலையெல்லாம் மேரியைப் பற்றித்தான்.

அவளிடம் தன்மையாகத்தான் கேட்டேன். "ரேஞ்சரு கேட்டா கிளிஞ்சலுன்னு சொல்றியா?"

"சொல்ல வராதுங்க. மூஞ்சியப் பாத்துக் கேட்டாருன்னா நெசத்தச் சொல்லிடுவேன்."

"காளவாய்க்கு சீல் வெச்சுட்டா உன் புருஷன் எங்கடி போவான்?"

"அப்ப நான் அவரு கண்ணுல படாம அந்த ரூமுக்குள்ள குந்திக்கினு இருக்கேங்க. கேட்டாத்தான பொய் சொல்லணும்?" என்றாள்.

அவளாகத்தான் போனாள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறையை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். சுட்ட சுண்ணாம்பு வைக்கிற அறைக்கு ஜன்னல் வைக்க மாட்டோம். ஈரக்காற்று பட்டால் சுண்ணாம்பு பூத்துப் பொடியாகிவிடும். காளவாய்ப் பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு செங்கல் அளவுக்குத் துவாரம் இருக்கும். நெருப்பு தணிந்த பிறகு அதன் வழியாகச் சூடு வந்து அறையை உலர்வாக வைத்திருக்கும். நெருப்பு எரிகிறபோது அதில் புகைதான் வரும். அதனால் மூட்டுகிற அன்றைக்கு முதல் வேலையாக அதைக் களிமண் வைத்து அடைத்துவிட வேண்டும். அடைப்பது முதலாளி வேலை. அப்பா காலத்திலிருந்து அந்தக் களிமண்ணை நாங்கள்தான் குழைப்போம், வேறு யாரும் தொட மாட்டார்கள். ஒரு வருஷம் அப்பா மறந்துவிட்டார். மறுநாள் கதவைத் திறந்தால் ஒரு பூனையும் நாலு குட்டிகளும் தூங்குகிற மாதிரியே கிடந்தன. அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு இந்த வேலையில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

நீங்கள் வந்தீர்கள். "அந்த அம்மா எங்கே?" என்றீர்கள். வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். சவுரிராயனிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். அறையைத் திறக்கச் சொன்னீர்கள். கதவு இடுக்கில் பூசியிருந்த மண்ணைக் காட்டி, மழை நாளில் சுண்ணாம்பு அறையை இப்படி மூடிவிடுவோம், திறந்தால் அத்தனையும் பாழ் என்றேன். நீங்கள் நல்ல மனுஷர், கட்டாயப்படுத்தவில்லை. நாற்காலி போடச் சொன்னேன். உட்கார்ந்து பேசினோம். உங்கள் மகளுக்குச் செஞ்சியில் வரன் பார்க்கிறதாகச் சொன்னீர்கள்.

நடுவில் "அது என்ன சத்தம்?" என்று கேட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா ஐயா? "கிளிஞ்சல் வெடிக்குதுங்க, சூடு ஏறினா அப்படித்தான்" என்றேன். நீங்கள் நோட்டில்கூடக் குறித்துக்கொண்டீர்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் இன்னொரு டீ குடித்தீர்கள்.

சாயங்காலம் திறந்து பார்த்தோம். போலீஸ் வந்து விசாரித்தார்கள். அவளாக உள்ளே போய்த் தூங்கியிருக்கிறாள், கவனிக்காமல் நெருப்பு போட்டுவிட்டோம், துவாரத்தை அடைக்க மறந்துவிட்டேன் என்றேன். விபத்து என்று எழுதி முடித்தார்கள். சாவுச் செலவு முழுக்க நான்தான் செய்தேன். மாதா கோயில் சாமியார்கூட என்னைப் பெருமையாகச் சொன்னார்.

சவுரிராயன் எட்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான். அவன் வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். மூட்டுகிற நாள் வந்தால் இப்போதெல்லாம் எனக்கு முன்னாலேயே வந்து களிமண் குழைத்து வைத்துவிடுகிறான். ஒரு சட்டி இல்லை, இரண்டு சட்டி. ஒன்றைத் துவாரத்துக்குக் கீழே வைப்பான். இன்னொன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பான். "எதுக்குடா ரெண்டு?" என்று முதல் தடவை கேட்டேன். "போதாமப் போயிடுச்சின்னா பேஜாரு ஆண்டே" என்றான். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. அவனை நிறுத்தவும் முடியவில்லை, அந்தச் சட்டியைத் தொடவும் முடியவில்லை. ஒரு வருஷமாக அது என் காலடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஜெயிலில் களிமண் இருக்காது என்று நினைக்கிறேன்.

மறந்துவிட்டேன் என்றது பொய் ஐயா. அன்றைக்கும் காலையில் ஒரு சட்டி குழைத்தேன். துவாரத்துக்கு என்று குழைத்ததுதான். ஜீப் சத்தம் கேட்டதும் அதைக் கதவு இடுக்கில் பூசினேன். இன்னொரு சட்டி குழைக்க நேரம் இருந்தது. நீங்கள் இறங்கி, கிளிஞ்சல் குவியலைச் சுற்றி வந்து, என் பக்கம் வர எத்தனை நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் நாற்காலியை அந்தக் கதவில் ஒட்டித்தான் போட்டிருந்தேன். நீங்கள் கேட்ட சத்தம் உங்கள் காதுக்குத்தான் வந்தது. எனக்கு அது முதுகிலேயே பட்டது. கடைசியில் உங்களுக்குக் கேட்காத அளவுக்குக் குறைந்த பிறகும் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் போனதும் எழுந்தேன். சவுரிராயன் ஓடி வந்தான். "ஆண்டே, முதுகெல்லாம் களிமண்ணு ஒட்டிக்கினு இருக்குதுங்க" என்று சொல்லி, தோளில் இருந்த துண்டை எடுத்து, மெதுவாகத் துடைத்துவிட்டான். நான் திரும்பி நின்று காட்டினேன்.