இடது பக்கத்து மூக்குத்தி

— ரெங்கராஜுக்குப் போனப் போட்டு வர வேணாம்னு சொல்லுடா செல்வம். அந்தப் படத்துல யாரும் கைய வைக்கக் கூடாது.

— அம்மா, விஷயம் என்னன்னா, ஒரே ஒரு மூக்குத்திதான். இடது பக்கம் இருக்கறத மறைச்சு, வலது பக்கம் ஒரு புள்ளி வச்சா முடிஞ்சுச்சு. ரெங்கராஜ் படம் வரையறதுல கை தேர்ந்த ஆளு, பத்தே நிமிஷம். நாளைக்கழிச்சு அப்பாவுக்குத் தலைத்தெவசம். இலுப்பூர்ச் சனம் பூரா வரும். அவரு வரைஞ்ச படத்தையெல்லாம் கூடத்துல மாட்டப் போறோம், நடுவுல ஒன் படம். அதுல போயி தப்பு இருக்கலாமா?

— அண்ணே, ஒனக்குக் காய்ச்சலடிச்சப்ப அப்பா அஞ்சு கால் ஆடு ஒண்ணு வரைஞ்சாருல்ல? பின்ன அதையும் குடுத்து ஒரு கால அழிக்கச் சொல்லேன்.

— அது என்னைய சிரிக்க வைக்கன்னே வரைஞ்சது, சரண்யா. பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுல முப்பது வருஷம் டைம் கீப்பரா இருந்த மனுசன். ரெண்டு நிமிஷம் லேட்டா வந்த வண்டிய மனப்பாடமாச் சொல்லுவாரு. அவருக்குப் போயி சொந்தப் பொண்டாட்டி மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியல.

— சித்தப்பா பொங்கலுக்குப் பொங்கல் இதச் சொல்லித்தானே ஓட்டுவாரு. "அண்ணே, இது யாரு வீட்டுப் பொம்பள"ன்னு கேப்பாரு. அப்பா காப்பியக் குடிச்சுக்கிட்டு சிரிப்பாரு.

— அதுக்குத்தான் சொல்றேன். அவரு போனப்புறமும் நாலு பேரு அவரப் பாத்துச் சிரிக்கறத என்னால தாங்க முடியாது.

— ஒன் மனசு புரியுதுடா. ஆனா மூக்குத்திய மட்டும் மாத்துனா ஆச்சா? சரண்யா, நீ படத்த நல்லாப் பாரு.

— என்னம்மா... அட, முந்தானை வலது தோள்ல கெடக்கு. கன்னத்து மச்சமும் பக்கம் மாறியிருக்கு. இரு, இந்தக் கட்டுல இருக்கற பழைய படங்களையும் பாக்கறேன். அண்ணே, இது பழைய ட்ரிப் ஷீட்டுக்குப் பின்னாடி வரைஞ்சது, நாம பொறக்கறதுக்கு முன்னாடி. இதுலயும் அப்படித்தான். எல்லாத்துலயும் அப்படித்தான்.

— என் காதுகுத்துக்கு அப்பா வரைஞ்ச படத்த எடு. இந்தா, அத்தை, சின்னம்மா எல்லார் முந்தானையும் சரியாத்தானே இருக்கு. அம்மாவுக்கு மட்டும் ஏன் மாறுது?

— கேளு. ஒங்கப்பாவுக்கு ஊர்ல யார வரையவும் கூச்சமில்ல. என்னைய மட்டும் எதுக்க வந்து உக்காருன்னு சொல்லக் கூச்சம். நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல. காலையில நான் கண்ணாடி முன்னாடி தலை சீவ உக்காந்தா, பின்னாடி வந்து பேப்பரப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. பேப்பருக்குள்ள ட்ரிப் ஷீட்டும் பென்சிலும் இருக்கும். ரிட்டயரானப்புறம் அதுகளப் பாத்துத்தான் இந்தப் பெரிய படத்துக்குக் கலர் அடிச்சாரு.

— அப்பன்னா கண்ணாடியில தெரிஞ்சத வரைஞ்சாரா?

— தெரிஞ்சத அப்படியே வரைஞ்சாரு. ஒரு புள்ளி தப்பில்ல.

— இத சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா. இத்தன வருஷம் கேலியக் கேட்டுக்கிட்டு இருந்தியே.

— சொன்னா, நான் கவனிக்கறேன்னு அவருக்குத் தெரிஞ்சு போகும்ல? அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டாரு.

— கடைசி வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாதா?

— தெரியாது. செல்வம், போனப் போட்டியா?

— போடறேம்மா... ரெங்கராஜ், நீங்க வர வேணாம். இல்ல, இல்ல, படம் சரியாத்தான் இருக்கு. நாங்கதான் சரியாப் பாக்கல... சொல்லிட்டேம்மா.

— அது சரி, தலை சீவ என்ன, அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள புருவத்து முடி வரைக்கும் எப்படிம்மா வரைஞ்சாரு? எங்களுக்குத்தான் டெய்லி ஸ்கூலுக்கு லேட்டாகும். அடுப்புல சோறு கொழைஞ்சு போகும், நீ எந்திரிச்சே வர மாட்ட.

— சடையப் பின்னி முடிச்சிருவேன்டி. கண்ணாடியில பாத்தா, அவரு இன்னும் வரைஞ்சுக்கிட்டு இருப்பாரு. பின்னுனத அவுத்துப் போட்டுட்டு மறுபடியும் மொதல்லேருந்து சீவுவேன்.