ரெண்டு சீட்டு வண்டி

கோவில்பட்டியில் சங்கரன்கோவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் மகன் தூங்கினான், வயிற்றில் இன்னொன்று. கணவன் போனில் குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளும் வண்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“இதுல ரெண்டு பிள்ளையும் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம்.”

“ஒத்த சீட்டு வண்டியே எடுங்க.”

“ஏட்டி, ரெண்டு பிள்ளைக்கு ஒத்த சீட்டா?”

“பெறக்கப்போற பிள்ளைய உங்க அக்காவுக்குக் குடுக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டியள. அந்த சீட்டுல யார வைக்க?”

அவன் சுற்றிலும் பார்த்தான்.

“மெதுவாப் பேசு. தனக்குப் பிள்ளை இல்லன்னு அவ அழுதா. நான் என்ன சொல்ல?”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

“அடுத்த தெருதானட்டி. தெனமும் பாத்துக்கிடலாம்.”

“அப்ப இவனக் குடுங்க. இவனயும் தெனமும் பாத்துக்கிடலாம்லா.”

அவன் கை தானாகப் போய் மகனின் காலைப் பிடித்தது.

“கழுகுமலை வருது. ரெண்டு சீட்டுன்னா உங்ககூட வீட்டுக்கு வாரேன். ஒத்த சீட்டுன்னா இங்கன எங்கம்மா வீட்டுல எறங்கிக்கிடுதேன்.”

கண்டக்டர் விசில் ஊதினார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். அவன் அவசரமாகப் போனைக் காதில் வைத்தான்.

“அக்கா, அந்தப் பிள்ளை விசயம்…” என்றான்.

அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உட்காரவில்லை.