லாரிக்குக் குறுக்கே எட்டு சென்ட்

ஓடுகிறோம். "வெடி! வெடி! குனிங்கப்பா!" களத்திலிருந்து யாரோ கத்துகிறார்கள். முதலில் நெஞ்சுக்குள் ஓர் அடி. பிறகு ஓடுகள் நொறுங்கும் சத்தம். கடைசியில் கல் மழை.

சித்திரை மாதம். செவ்வாய்க்கிழமை. அலங்காநல்லூருக்கு வடக்கே எங்கள் ஊர். ஒட்டியே குன்று. குன்றில் கல் குவாரி. மதியம் ஒன்றரைக்கு வெடி வைப்பதாகப் பேச்சு. அன்று பதினொன்றே காலுக்கே வைத்தார்கள். சங்கு ஊதவில்லை. என் மனைவி செல்வி தொழுவத்துக்குத் திரும்பினாள். கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாள். "சினை மாடு. நீங்க போங்க, வாரேன்." வரவில்லை. தலையளவு கல்.

விபத்து என்று எழுதினார்கள். நான் போர் என்றே எழுதுகிறேன். ஒரு பக்கத்திடம் மட்டும் வெடிமருந்து இருந்த போர்.

ஊர் காலியாகிவிட்டது. நான் மட்டும் இருக்கிறேன். குன்றின் மேற்கே பாறை தீர்ந்தது. கிழக்கே லாரி போக என் எட்டு சென்ட்டைத் தவிர வழியில்லை. ஒரு நிருபர் வந்தார். மண்பாசம் என்று எழுதினார். பாசமெல்லாம் இல்லை. இந்த மண்ணில் கள்ளிகூட முளைப்பதில்லை.

செல்வியின் அண்ணன் முருகேசன் பரவையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து கெஞ்சுவார்.

"தங்கச்சி போயி எம்புட்டு வருசமாச்சு மாப்ள. இன்னும் இடிஞ்ச வீட்டக் கட்டி அழுகுறீக. ஒலகமே மாறிப்போச்சு."

"அழுகல மச்சான். மறிச்சு நிக்கிறேன்."

"குவாரிக்காரன் ஒங்களுக்குப் பயப்படுற அளவு கலெக்டருக்குக்கூடப் பயப்பட மாட்டான்."

போன மாதம் குவாரி முதலாளியே வந்தார். மேனேஜரும் கூட வந்தார். கையில் பத்திரம். செல்வி விழுந்த இடத்தில் அவரை நிறுத்தினேன்.

"இங்கன செத்தவ பேரு என்ன? சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்தேன். சொல்லியிருந்தால் போட்டிருப்பேனா? மாட்டேன்.

நேற்று குவாரியை மூடிவிட்டு, பொக்லைனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் இழந்தவை: செல்வி. ஒரு மாடு, வயிற்றில் ஒரு கன்று. இரண்டு கிணறு. முப்பத்தொரு வீடு. பாதிக் குன்று.

அவர்கள் இழந்தது: மீதிக் குன்று.

எனக்குப் போதவில்லை.