ஜடையன்பள்ளம் அணையைக் குலுக்கிப் பார்த்த ஆண்டாள்

மண்ணின் மனமறிந்த மாண்பே! எண்ணின் ஏய்ப்புக்கு இடங்கொடாத எழிலறிவே! முப்பத்து நான்கு ஆண்டுகள் மைசூர் ஆய்வுக்கூடத்தில் எம்மோடு உழைத்து இன்று ஓய்வுபெறும் முதுநிலைப் பொறியாளர் திருமதி ஆண்டாள் அவர்களே! வாழ்த்துமுன், நடந்ததை அவையோர் அறியச் சொல்கிறோம்.

ஜடையன்பள்ளம் மண் அணை எந்த நிலநடுக்கத்தையும் தாங்கும் என்று இளம் வயதில் கணக்கிட்டுக் கையெழுத்திட்டவர் ஆண்டாள். சென்ற தை மாதம் அதே அணையைக் கணினியில் மாதிரியாக்கி, நொடி நொடியாகக் குலுக்கிப் பார்த்தார். பதினோராவது நொடியில் அடியிலிருந்த மணல் கூழானது. அணையின் உச்சி நான்கு மீட்டர் இறங்கி நீர்மட்டத்துக்குக் கீழே போயிற்று. கணினியின் பிழையாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியபடி ஆண்டாள் மீண்டும் இருமுறை ஓட்டினார். இருமுறையும் அணை சரிந்தது. அந்த மணலை இறுகிய மண் என்று அன்று எடுத்துக்கொண்டவர் அவரேதான்!

செய்தி கேட்டுப் பிரிவுத் தலைவர் தொட்டையன் ஆண்டாளிடம் ஓடி வந்தார். "ரிட்டயர் ஆவறதுக்கு மூணு மாசந்தானுங்க இருக்குது. இப்பப் போயி இதை எதுக்குங்க கிளறோணும்?"

"பூகம்பம் என் ரிட்டயர்மென்ட் தேதியைப் பாத்துண்டா வரும்? தப்பு என்னோடதுன்னு நானே எழுதித் தரேன். முதல்ல தண்ணியைக் குறைக்கணும்."

எழுதியும் கொடுத்தார். அணையடி ஊரே கொதித்தெழுந்தது. "கதிரு வர்ற நேரத்துல தண்ணிய எறக்குனா நாங்க என்னத்தைங்க திங்கறது?" என்று உழவர் நாச்சம்மாள் கூட்டத்தில் சீறினார். ஆண்டாள் வாதாடவில்லை. அணையடியில் துளையிட்டு எடுத்த மணலை ஒரு குண்டாவில் நீரோடு நிரப்பி, மேலே ஒரு கருங்கல்லை வைத்தார். கல் அசையாமல் நின்றது. குண்டாவின் பக்கவாட்டில் கையால் நாலு தட்டுத் தட்டினார். கல் மணலுக்குள் மூழ்கிப் போனது.

நாச்சம்மாள் குண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இது மேலயா நம்ம அணை நிக்குது?"

"ஆமாம்மா. தெரியாம நல்லா இருக்குன்னு சொன்னவ நான்தான்."

நீர் இறங்கியது. ஊரில் பாதி வயல் கருகியது. அந்தத் துயரத்தை ஆண்டாள் இன்றும் சுமக்கிறார். அணையடியில் இப்போது அதைத் தாங்கிப் பிடிக்கக் கல்லணைப்பு எழும்புகிறது.

அம்மையீர்! அன்று உங்களைப் பேசாதிருக்கச் சொன்னவர்களும் இந்த மடலை எழுதியவர்களுள் இருக்கிறோம். அந்த வெட்கத்தோடே வணங்குகிறோம். நோயின்றி நூறாண்டு வாழ்க! இனி இரவெல்லாம் நிம்மதியாய் உறங்குக!

தொட்டையன், அருண்ராஜ், ஸ்மிதா, பசவராஜ்
மற்றும் ஆய்வுக்கூட ஊழியர்கள், மைசூர்