இருப்பதிலேயே மெதுவான விமானம்

— ஐயா, மறுபடியும் சொல்றேன். தூரம் ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நேரா வந்தா ஒன்பதரை மணி நேரம். உங்க ஒருத்தருக்குச் சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சு.

— அங்க காலைல ஒன்பதுக்கு ஏறுறான்ற. இங்க ராத்திரி பதினொண்ணுக்கு இறங்குறான்ற. விரல் விட்டு எண்ணினா பதினாலு மணி நேரம் வருது. நடுவுல நாலரை மணி நேரத்த யாரும்மா முழுங்கினது?

— யாரும் முழுங்கல. அந்த ஊருக் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால. இப்ப இங்க பதினொண்ணு, அங்க ஆறரை. உங்க மகன் இப்பதான் பல்லு தேய்ச்சிட்டிருப்பாரு.

— அவனா? எட்டு மணிக்கு முன்னால அவன் எந்திரிச்சதா சரித்திரமே இல்ல.

— சரி, விடுங்க. உங்க வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? எதிர்த்த ஆஸ்பத்திரிலதானே வெச்சிருக்கீங்க?

— மூணாவது மாடி. மூச்சு இருக்கு, அவ்வளவுதான். கண்ணத் தொறக்குறப்பெல்லாம் புள்ள எங்க வர்றான்னு கேக்குறா. நாளைக்கு சாயங்காலம் தாண்டாதுங்கறான் டாக்டர். அவன் பேச்ச நான் நம்பல. தனியாக் கூப்பிட்டு நர்ஸக் கேட்டேன். அதுவும் தலையக் குனிஞ்சுகிட்டு அதையேதான் சொல்லுச்சு.

— அப்ப யோசிக்கவே வேணாம் ஐயா. இந்த ஒன்பதரை மணி நேர ஃப்ளைட்லயே போட்டுடறேன். ரெண்டே சீட்டுதான் மிச்சம்.

— வேற இல்லயா?

— ஒரு இடத்துல மாறி வர்றது இருக்கு. பதினாறு மணி நேரம். நாளைக்குக் காலைல ஏழரைக்கு இறங்கும்.

— அதுக்கும் மேல?

— காசுக்குப் பாக்குறீங்களா? இந்த நேரத்துல அதப் பாக்காதீங்க.

— காசப் பத்தி நான் வாயத் தொறந்தேனா? கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா.

— இருங்க... ரெண்டு ஊர்ல மாறி வர்றது ஒண்ணு இருக்கு. முப்பத்தொரு மணி நேரம். நடுவுல ஒரு ஏர்போர்ட்லயே பதினொரு மணி நேரம் உக்காந்திருக்கணும். நாளன்னைக்கு விடியக்காலம் ரெண்டரைக்குத்தான் இங்க இறங்கும். இத யாருமே எடுக்க மாட்டாங்க.

— அதையே எழுதிக் குடு. எங்க ஏறுறது, எங்க இறங்குறது, எத்தன மணிக்குன்னு எல்லாம். நம்ம ஊரு நேரத்துல எழுது. எழுத்து பெரிசா இருக்கட்டும், நான் கூட்டிப் படிக்கிற ஆளு.

— ஐயா...

— உள்ள சாப்பாடு குடுப்பானா?

— மூணு வேள குடுப்பாங்க.

— அதையும் எழுது. அவ மொதல்ல அதத்தான் கேப்பா.

— ஐயா, நான் சொன்னது காதுல விழுந்துதா? நாளைக்கு சாயங்காலம் தாண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இதுல வந்தா அவரு அம்மா முகத்த உசுரோட பாக்கவே முடியாது.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? என்னமோ போங்க, உங்க இஷ்டம். மகன் பேரு, பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க, டிக்கெட் போடறேன்.

— டிக்கெட்டெல்லாம் வேணாம்மா. லீவு கெடைக்கல, வரமுடியாதுன்னு நேத்தே சொல்லிட்டான். நெசமா பொய்யான்னு தோண்ட எனக்குத் தெம்பில்ல. நீ அந்தத் தாள மட்டும் எழுதிக் குடு. அவ கண்ண முழிச்சுக் கேக்குறப்பெல்லாம் எங்க வந்துட்டிருக்கான்னு நான் சொல்லணும். அவ போற வரைக்கும் அவன் வானத்துலயே இருக்கணும்.