மாமனார் சேர்த்தியில்லை

மாட்டுத்தாவணியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் கையில் சூடான பருப்பு வடை. அந்த வாசனைக்கே என் காது முன்னால் போயிருந்தது.

“எங்க மாமனாருக்கு ரெண்டு தடவ அட்டாக் வந்துருச்சு மாப்ள. ஆனா எனக்குப் பயமில்லயாம்.”

“யாரு சொன்னா?”

“டாக்டரம்மாதான். ஒங்க குடும்பத்துல யாருக்காச்சும் ஹார்ட்டு பிரச்சன இருக்கான்னு கேட்டாங்க. மாமனாருக்கு இருக்குன்னேன். சிரிச்சுட்டாங்கடா. மாமனாரெல்லாம் சேத்தி இல்லயாம். ரத்த சொந்தத்துல இருந்தாத்தான் பயப்படணுமாம்.”

நிம்மதியாக வடையை ஒரு கடி கடித்தார்.

“ஏன்டா, ஒம் மாமனாரு ஒங்கம்மா கூடப் பொறந்த தம்பிதான?”

மெல்லுவது நின்றது.

“கல்யாணத்துக்குப் பெறகு அவர அப்பிடி நெனச்சே பாக்கலடா.”

“நாளைக்கே போயி டாக்டரம்மாட்டச் சொல்லிரு.”

அவர் மிச்ச வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் அதை வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் செய்யாது. நான் சொந்தத்த விட்டு அசல்ல கட்டுனவன்.”